56 நாட்களும் ஒரு நாற்பது பக்க நோட்டும்

2019ஆம் ஆண்டு ஜூலை மாதம். மஞ்சள் காமாலை வந்து பத்து நாட்களாகிவிட்டன. உப்பில்லாத கஞ்சியை விழுங்க மனமில்லாமல் தம்ளரோடு கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். தொலைக்காட்சியில் நான் நடித்துக்கொண்டிருந்த தொடர் ஓடிக்கொண்டிருந்தது. மூத்த மருமகள் மாடிப்படியில் இறங்கி வருகிறாள். முதலில் கொலுசு, பிறகு புடவைக் கொசுவம், அதற்குப் பிறகு வளையல் போட்ட கை என்று கேமரா நிதானமாக ஏறுகிறது. மூத்த மருமகள் நான்தான். ஆனால் அந்தக் கை என்னுடையது இல்லை. முகம் தெரிந்த நொடியில் படம் உறைந்தது. கீழே ஒரு வரி ஓடியது: இந்தப் பாத்திரத்தில் இனி இவருக்குப் பதில் இவர். அம்மா ரிமோட்டைத் தேடினார். அது என் மடியில்தான் கிடந்தது. நான் சானலை மாற்றவில்லை, அந்த எபிசோடை முழுவதும் பார்த்தேன். புதிதாக வந்த பெண் நன்றாகவே நடித்தாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வேலை போனதை டிவியைப் பார்த்துத் தெரிந்துகொள்வது எப்படியிருக்கும் என்று அதற்கு முன்பு நான் யோசித்ததே இல்லை. யாரும் என்னைக் கூப்பிட்டுச் சொல்லவில்லை. தொடரின் மேனேஜர் இரண்டு நாட்களாக என் அழைப்பை எடுக்காததற்குக் காரணம் அப்போதுதான் புரிந்தது. அழுகை அன்று வரவில்லை. என் மனதில் வேறொரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. மார்ச், ஏப்ரல், மே, ஜூன். நான்கு மாதச் சம்பளம் பாக்கி.

எங்கள் ஊர் தஞ்சாவூர்ப் பக்கம். 1999இல் ராதிகாவின் 'சித்தி' ஓடத் தொடங்கியபோது எனக்குப் பத்து வயது. பிறகு 2003இலிருந்து 2009 வரை 'கோலங்கள்'. தேவயானி அழுதால் எங்கள் தெருவே அழுத காலம் அது. ஆறு வருடம் ஒரே முகம், ஒரே பாத்திரம். தொடர் நடிகை என்றால் அரசாங்க வேலை போல நிரந்தரம் என்று நான் நினைத்ததற்கு அதுதான் காரணமாக இருக்க வேண்டும். பி.காம். முடித்துவிட்டு 2013இல் சென்னைக்கு வந்தேன். கணக்குப் படித்தவள் இப்படி ஏமாந்தாள் என்று சொல்லிச் சிரிக்க வேண்டுமானால் சிரிக்கலாம், நானே சிரித்திருக்கிறேன். சாலிகிராமத்தில் வாடகை வீடு தேடினால் என்ன வேலை என்று கேட்பார்கள். நடிப்பு என்றதும், சொந்தக்காரர்கள் குடிவருகிறார்கள் என்று கதவைச் சாத்துவார்கள். நாயகியின் தோழி, நர்ஸ், கல்யாண வீட்டில் வம்பு பேசும் பெண் என்று ஐந்து வருடம் ஓடியது. 2018 ஆகஸ்டில்தான் இந்த மூத்த மருமகள் வேடம் கிடைத்தது. பாதி வில்லி. தொடருக்குத் தொடர் நல்ல பெயர் எடுப்பவர்கள் நாயகிகள், நாள்தோறும் வேலை கிடைப்பது வில்லிகளுக்கு என்று எங்கள் வட்டாரத்தில் சொல்வார்கள்.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட விதத்தைச் சொல்கிறேன். முதல் நாள் படப்பிடிப்பு. ஒரு கண்ணுக்கு மை போட்டு முடிந்திருந்தது, மறு கண்ணுக்குப் போடவில்லை. தலையில் கொண்டை ஊசிகள். ஒரு தம்பி வந்து பவுடர் டப்பாவை நகர்த்திவிட்டு ஆறேழு தாள்களை வைத்து, "மேடம், மூன்று இடத்தில் கையெழுத்து, ஷாட் ரெடி" என்றார். போட்டேன். நகல் கேட்கவில்லை, அவர்களும் தரவில்லை. அதில் என்ன இருந்தது என்பதை ஒன்றரை வருடம் கழித்து வக்கீலின் மேசையில்தான் படித்தேன். நான் வேறு சானலின் தொடரில் நடிக்கக் கூடாது. அவர்கள் எப்போது வேண்டுமானாலும், எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் என்னை மாற்றலாம். சம்பளம் எத்தனை நாட்களில் தரப்படும் என்று ஒரு வரி கூட இல்லை. வேறு சானலுக்குப் போகாதே என்று கட்டிப்போடுபவர்கள் மாதத்துக்குக் குறைந்தது இத்தனை நாள் வேலை தருகிறோம் என்று எழுதித் தர வேண்டும் என்பது எனக்கு அப்போது தோன்றவே இல்லை. இப்போது கேட்கிறேன். பாதிப் பேர் மறுக்கிறார்கள், மீதிப் பேர் எழுதித் தருகிறார்கள். அன்று போல மேக்கப் நாற்காலியில் வைத்துக் கையெழுத்துக் கேட்டால், வீட்டுக்கு எடுத்துப்போய் நாளை தருகிறேன் என்று சொல்லுங்கள். ஷாட் நின்றுவிடாது. ஒன்றும் முடியாவிட்டால் கையெழுத்துப் போடுவதற்கு முன்பு ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

வேலையைப் பற்றிக் குறை சொல்ல மாட்டேன், எனக்கு அது பிடித்திருந்தது. காலை 9 முதல் இரவு 9 வரை ஒரு கால்ஷீட். பெண்கள் 7 மணிக்கே போனால்தான் மேக்கப் முடியும். போரூர், வளசரவாக்கம் பக்கம் வாடகைக்கு எடுத்த பெரிய வீடுகளில் படப்பிடிப்பு நடக்கும். ஒரு நாளில் எட்டு, பத்து காட்சிகள் எடுப்பார்கள். வசனத்தை மனப்பாடம் செய்ய நேரமிருக்காது. உதவி இயக்குநர் கேமராவுக்குப் பின்னாலிருந்து உரக்கப் படிக்க, ஒரு காதில் அதை வாங்கிக்கொண்டு எதிரே நிற்பவரின் கண்ணைப் பார்த்துக் கோபப்பட வேண்டும். முதல் மாதம் என் முகத்தில் கோபத்துக்குப் பதிலாகக் காது கேளாதவரின் கவனம்தான் தெரிந்தது. வியாழக்கிழமை டிஆர்பி வரும். எண் ஏறியிருந்தால் தேநீரோடு பிஸ்கட் வரும். இறங்கியிருந்தால் கதை மாறும். திங்கட்கிழமை கெட்டவளாக இருந்த நான் வெள்ளிக்கிழமை திருந்தியிருக்கிறேன்.

ஒரு நாளைக்கு 6,000 ரூபாய், மாதம் பதினான்கு நாள் வேலை என்றால் 84,000. கேட்டவர்கள் வாயைப் பிளந்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அதில் 10 சதவீதம் டிடிஎஸ், அதாவது சம்பளம் தரும்போதே பிடிக்கும் வரியாகப் போய்விடும். மீதி வருவது தொண்ணூறு நாள் கழித்து. ஆகஸ்டில் உழைத்ததற்கு நவம்பர் கடைசியில் பணம். முதல் மூன்று மாதம் கையில் ஒரு ரூபாய் இல்லாமல், ஆட்டோவுக்குக் கடன் வாங்கி வேலைக்குப் போனேன். வேடத்துக்கு உடைகள் நம்முடையவை. பணக்கார வீட்டு மருமகள் என்பதால் பருத்திப் புடவை கட்டிப் போக முடியாது. பதினோரு மாதத்தில் புடவை, ரவிக்கைத் தையல், வாடகை நகை எல்லாம் சேர்த்து 1,40,000 ரூபாய் ஆனது. ஒரு காட்சியில் கட்டிய புடவையை, அந்தக் காட்சியின் தொடர்ச்சி எடுத்து முடியும் வரை துவைத்துப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். ஒரு முறை கரும்பச்சைப் பட்டு ஒன்றை ஊருக்குக் கட்டிப் போய் அங்கேயே மறந்துவிட்டு வந்தேன். மறுநாள் காலை அண்ணன் அதைப் பையில் போட்டுப் பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்பினான்.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் 2018 அக்டோபரில் கார் வாங்கினேன். நடிகை ஆட்டோவில் வந்து இறங்கினால் சம்பளம் பேசும்போது மதிப்புக் குறையும் என்று யாரோ சொன்னார்கள். எனக்கு அப்போது கடன் தர வங்கிக்கு ஒரு காகிதமும் இல்லை. அண்ணனின் சம்பளச் சான்றிதழை வைத்துத்தான் வாங்கினேன். மாதத் தவணை 11,400. தொடர் கைவிட்டுப் போனபின் அந்தத் தவணையை அண்ணன் கட்டினான். அதைப் பற்றி அவன் ஒரு வார்த்தை பேசியதில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. வாங்கிய பதினான்காம் மாதம் 1,10,000 ரூபாய் நஷ்டத்தில் காரை விற்றேன். என்னைக் கேட்டால், ஆறு மாதச் செலவுக்கான பணம் வங்கியில் சேரும் வரை தவணை என்ற சொல்லையே வாயில் எடுக்கக் கூடாது. இந்தத் தொழிலில் மூன்று மாதம் கழித்து வரும் சம்பளம்தான் வழக்கம், வேலை போவதற்கு ஒரே நாள் போதும்.

என்னைக் காப்பாற்றியது ஒரு நாற்பது பக்க நோட்டு. மாமியார் வேடம் போட்ட அக்கா ஒருவர் தினமும் கிளம்பும் முன் கைப்பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து ஏதோ எழுதுவார். மளிகைக் கணக்கு என்று நினைத்திருந்தேன். 2019 ஏப்ரல் கடைசியில் ஒரு நாள் கேட்டேவிட்டேன். அவர் திறந்து காட்டினார். தேதி, எந்த வீடு, வந்த நேரம், போன நேரம், காட்சி எண்கள், கட்டியிருந்த புடவையின் நிறம். கடைசிக் கட்டத்தில் அன்றைக்கு இருந்த உதவி இயக்குநரின் சுருக்கக் கையெழுத்து. "இருபது வருடமாக எழுதுகிறேன். எனக்கு இது ஜாதகம் மாதிரி. நீயும் எழுது" என்றார். மறுநாளே வாங்கினேன். கையெழுத்துக் கேட்கக் கூச்சமாக இருந்தது. முதல் முறை நீட்டியபோது அந்தத் தம்பி ஆட்டோகிராஃப் என்று நினைத்துப் பெரிதாக வாழ்த்து எழுதிவிட்டார். அது இன்னும் அந்தப் பக்கத்தில் இருக்கிறது.

காமாலை குறைந்ததும் ஆகஸ்டில் பாக்கியைக் கேட்க அலுவலகம் போனேன். நான்கு மாதத்துக்கும் என் கணக்கு 56 நாள். அவர்கள் பதிவேட்டில் 41. பதினைந்து நாள் வித்தியாசம், 90,000 ரூபாய். மேனேஜர் கோபப்படவே இல்லை. "மேடம், நீங்கள் வந்த நாளை நாங்கள் ஏன் மறைக்கப்போகிறோம்?" என்று சிரித்தபடி கேட்டார். எனக்கே என் மீது சந்தேகம் வந்துவிட்டது. மஞ்சள் காமாலையில் புத்தி குழம்பிவிட்டதோ என்று நினைத்தேன். பிறகு நோட்டை எடுத்தேன். மே, ஜூன் மாதங்களில் அவர்கள் கணக்கு 20, என் நோட்டில் 29. ஒன்பது நாளையும் தேதி, வீடு, கையெழுத்தோடு ஒவ்வொன்றாக வாசித்தேன். பாதியிலேயே அவர் கையைத் தூக்கி, சரி மேடம் என்றார். ஆனால் மார்ச், ஏப்ரலுக்கு நோட்டு இல்லை. எனக்கு 27, அவர்களுக்கு 21. "நாளை காலை 7 மணி, மெரூன் புடவை" என்று இரவில் வாட்ஸ்அப்பில் வரும் செய்திகள் இருந்தாலாவது காட்டியிருப்பேன். போனில் இடமில்லை என்று அந்தக் குழுவின் செய்திகளை மொத்தமாக அழித்திருந்தேன்.

விட மனமில்லை. வீட்டுக்கு வந்து அந்த இரண்டு மாதத்தில் ஒளிபரப்பான எபிசோடுகளை எல்லாம் இணையத்தில் போட்டுப் பார்த்து, புடவையை வைத்து நாட்களை எண்ண முயன்றேன். நான்கு நாள் அதற்கே போனது. மெரூன், நீலம், கரும்பச்சை என்று அம்மா ஒரு பக்கம் எழுதினார். ஒன்றும் நிற்கவில்லை. ஒரே நாளில் மூன்று புடவை மாற்றி மூன்று எபிசோடுக்கான காட்சிகளை எடுத்திருப்பார்கள், ஒரே புடவையில் இரண்டு நாள் எடுத்ததும் உண்டு. ஆறு நாள், 36,000 ரூபாய் போனது போனதுதான். அந்த நான்கு நாளும் என் முகத்தை நானே திரும்பத் திரும்பப் பார்த்ததில் இன்னொன்றும் நடந்தது. ஏப்ரலிலிருந்தே என் கண்கள் மஞ்சளாகத் தொடங்கியிருந்தது போல எனக்குத் தெரிந்தது. ஒளியமைப்பாகவும் இருக்கலாம். அந்தச் சந்தேகம் இன்றும் போகவில்லை.

50 நாளுக்கு 3,00,000. வரி போக 2,70,000 ரூபாயை 67,500 வீதம் நான்கு காசோலையாகத் தந்தார்கள். முதல் இரண்டும் பணமானது. 2019 நவம்பர் 20 தேதியிட்ட மூன்றாவது திரும்பி வந்தது. வங்கியில் கணக்கில் பணமில்லை என்ற சீட்டை நீட்டிய பெண் என்னைப் பார்த்துவிட்டு, "அந்தத் தொடரில் உங்களை ஏன் மேடம் மாற்றினார்கள்? நீங்கள்தான் பொருத்தமாக இருந்தீர்கள்" என்றார். பக்கத்துக் கவுண்ட்டரிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார். செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். அந்தச் சீட்டைப் புடவைத் தலைப்பில் மறைத்துக்கொண்டு நான் சிரித்தேன்.

அடுத்த வாரம், பொங்கலுக்கு முன்பு, பொங்கலுக்குப் பின்பு என்று மேனேஜர் சொல்லச் சொல்ல நம்பினேன். பிப்ரவரியில் தூரத்து உறவினர் மூலம் ஒரு வக்கீலைப் பார்த்தபோது அவர் தலையில் கை வைத்தார். காசோலை திரும்பிய தகவல் வங்கியிலிருந்து வந்த 30 நாட்களுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அது கிடைத்த 15 நாட்களுக்குள் அவர்கள் பணம் தராவிட்டால் அதற்குப் பிறகு ஒரு மாதத்துக்குள் வழக்குப் போட வேண்டும். நான் அந்த 30 நாளைப் பொங்கல் வாக்குறுதியில் தொலைத்திருந்தேன். ஆனால் காசோலைக்கு ஆயுள் அதில் உள்ள தேதியிலிருந்து மூன்று மாதம், அதற்குள் அதை மறுபடியும் வங்கியில் போடலாம், மறுபடி திரும்பினால் அந்தத் தேதியிலிருந்து புதிதாக 30 நாள் கிடைக்கும் என்றார். பிப்ரவரி 12 அன்று போட்டேன். 14 அன்று திரும்பியது. நான்கு நாளில் நோட்டீஸ் போனது. மார்ச் முதல் வாரம் மூன்றாவது, நான்காவது காசோலைகளின் பணம் 1,35,000 ஒன்றாகவே கணக்கில் ஏறியது. ஒரு தாளும் ஒரு தபால் முத்திரையும் செய்ததை என் ஆறு மாதக் கெஞ்சல் செய்யவில்லை. வக்கீல் வாங்கியது 5,000 ரூபாய். காசோலை கையில் வைத்திருப்பவர்கள் அந்த மூன்று தேதிகளையும் நாள்காட்டியில் வட்டமிட்டுக்கொள்ளுங்கள்.

டிடிஎஸ் கதை தனி. முதல் வருடம் ஐந்து மாதச் சம்பளத்தில் பிடித்தது 42,000 ரூபாய். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்ய உட்கார்ந்தபோது, நம் பான் எண்ணில் எவ்வளவு வரி கட்டப்பட்டிருக்கிறது என்று காட்டும் 26ஏஎஸ் படிவத்தில் இருந்தது 25,200. மீதி 16,800 என்னிடம் பிடிக்கப்பட்டதோடு சரி, அரசுக்குப் போகவில்லை. என் வருமானத்துக்குப் பிடித்ததில் பெரும்பகுதி திரும்ப வர வேண்டிய பணம் அது. பிடித்ததற்கு ஆதாரம் இருந்தால் துறையிடம் பேசலாம் என்றார் ஆடிட்டர். என்னிடம் வவுச்சர் நகல் இல்லை, வங்கிக் கணக்கில் வந்த தொகை மட்டும்தான் இருந்தது. புடவைகளுக்கும் பில் இல்லை. தொழிலுக்காக வாங்கியதைச் செலவாகக் காட்டலாம், ஆனால் பில் வேண்டும். அந்த 16,800 இன்றுவரை வரவில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை 26ஏஎஸ்ஸைத் திறந்து பாருங்கள். வருட முடிவில் பார்த்தால், பதில் சொல்ல வேண்டியவர் அலுவலகத்தையே மாற்றியிருப்பார்.

சங்கத்தில் சேராததும் என் தவறுதான். சின்னத்திரை நடிகர்களுக்குச் சங்கம் இருக்கிறது. அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று உறுப்பினர் கட்டணத்தைத் தள்ளிப்போட்டேன். நான்கு ரவிக்கை தைக்கும் காசைத்தான் மிச்சப்படுத்தியிருப்பேன். பிரச்சினை வந்தபின் உறுப்பினராகாத ஒருத்தி எந்த முகத்தோடு போய் நிற்பது?

அந்த 1,35,000 வந்து இரண்டு வாரம் கூட ஆகவில்லை, 2020 மார்ச் 19 முதல் எல்லாப் படப்பிடிப்புகளும் நின்றன. ஊரடங்கில் வீட்டு வாடகையும் அம்மாவின் மருந்தும் அந்தப் பணத்தில்தான் நடந்தன. மே மாதக் கடைசியில் 60 பேருக்கு மிகாமல் படப்பிடிப்பு நடத்தலாம் என்று அரசு அனுமதித்தபோது, ஆட்களைக் குறைக்க வேண்டியிருந்ததால் சிறிய வேடங்கள்தான் முதலில் காணாமல் போயின. சித்தப்பா வெளிநாடு போனார், தோழி திருமணமாகி ஊருக்குப் போனாள். எனக்கு அடுத்த வேடம் கிடைக்க டிசம்பர் ஆனது. அப்போது வயது 31. வேடம், கல்லூரி முடித்த மகனுக்கு அம்மா. மகனாக நடித்த தம்பிக்கு என்னைவிட நான்கு வயதுதான் குறைவு. நரை வைத்துக்கொள்ளத் தயாரா என்று கேட்டார்கள். சம்பளம் எத்தனை நாளில் வரும் என்று கேட்டேன். 45 நாள் என்று எழுதித் தந்தார்கள், நரை வைத்துக்கொண்டேன்.

இப்போது ஏழாவது நோட்டு ஓடுகிறது. செட்டில் நுழைந்தால் "ஆடிட்டர் அம்மா வந்துவிட்டார்" என்று கிண்டல் செய்வார்கள். போன வாரம் புரொடக்ஷன் மேனேஜரே மேக்கப் அறைக்கு வந்து கதவோரம் நின்றார். ஏதோ தயக்கம். போரூர் வீட்டுக்காரர் போன மாதம் ஒன்பது நாளுக்கு வாடகை கேட்கிறார், தன் பதிவேட்டில் ஏழுதான் இருக்கிறது, உங்கள் நோட்டில் எத்தனை என்று பார்த்துச் சொல்ல முடியுமா மேடம் என்றார். எடுத்துப் பார்த்தேன். நான் இருந்த நாட்களே எட்டு.